வாஸு: அட்மின் கணக்கைக் கண்காணிக்க நெல்லை அலுவலகங்களுக்குத் தோதான இலவச மென்பொருள்

வண்ணாரப்பேட்டை ஆடிட்டர் அலுவலகமோ, டவுன் ரத வீதி நகைக்கடையோ, பத்து இருபது கம்ப்யூட்டர் ஓடும் இடங்களில் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு பெரும்பாலும் ஒன்றுதான். அது முதலாளி, கணக்குப்பிள்ளை, சர்வீஸ் ஆள், டேலி சப்போர்ட் என நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். எல்லாக் கம்ப்யூட்டரின் பதிவுகளையும் ஒரே இடத்தில் சேர்த்து எச்சரிக்கும் வாஸுவைப் (Wazuh) போடுவதற்கு முன் அந்தக் கணக்கைப் பிரித்து ஆளுக்கொரு கணக்கு கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'அட்மினிஸ்ட்ரேட்டர் செய்தார்' என்பதற்கு மேல் எந்த மென்பொருளும் சொல்லாது.

25 கம்ப்யூட்டர் வரை 4 கோர், 8 ஜிபி ராம், 50 ஜிபி டிஸ்க் உள்ள ஒரு லினக்ஸ் பெட்டி போதும். இந்த அளவு 90 நாள் பதிவுக்கானது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்‑இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு 180 நாள் லாக் வைக்கச் சொல்கிறது. அதனால் டிஸ்க்கை இரட்டிப்பாக்குங்கள். பழைய பதிவு தானாக அழியாது, அதற்குக் காலக்கெடு விதியை நாம்தான் எழுத வேண்டும். நிறுவி முடிந்ததும் எல்லாப் பாஸ்வேர்டும் அதே ஃபோல்டரில் ஒரு டார் (.tar) தொகுப்புக் கோப்பில் கிடக்கும். அதை வேறிடத்துக்கு மாற்றாமல் எழுந்திருக்காதீர்கள்.

விண்டோஸ் தன் பதிவில் ஒவ்வொரு வகைச் செயலுக்கும் ஒரு நிகழ்வு எண் போடும். வாஸுவின் பலம் நிகழ்வு 4732. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் யாரையாவது சேர்த்தால் 12ஆம் நிலை எச்சரிக்கை வரும். சேர்த்தவர் பெயர் தெளிவாக இருக்கும். சேர்க்கப்பட்டது அந்தக் கம்ப்யூட்டரின் உள்கணக்கு என்றால் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுதான். கூடவே எஸ்‑1‑5 என்று தொடங்கும் நீண்ட எண். அதே எண்ணை 4720இல், அதாவது கணக்கு உருவான பதிவில், தேடினால் பெயர் கிடைத்துவிடும்.

சிறப்பு அதிகாரத்தோடு ஒரு கணக்கு நுழைந்ததைக் காட்டும் 4672ஐ மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். விண்டோஸின் சிஸ்டம் கணக்கே அதை நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்கும். அதே லாகான் எண்ணுள்ள 4624ஐ, அதாவது நுழைவுப் பதிவை, சேர்த்துப் படியுங்கள்: வகை 2 என்றால் நேரில் உட்கார்ந்தவர், 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப். தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கில் வருபவர் ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனுக்குள் நுழைவதால் அவர் செய்வதெல்லாம் உங்கள் ஊழியர் பெயரில்தான் பதிவாகும். சப்போர்ட்டுக்குத் தனி விண்டோஸ் கணக்கைத் திறந்துவிட்டு இணைப்புக் கொடுங்கள்.

பெரிய ஓட்டை வேறு. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஓடி, பதிவை லினக்ஸ் பெட்டிக்கு அனுப்பும் வாஸுவின் ஏஜென்ட் சர்வீஸை ஒருவர் நிறுத்தி, வேலையை முடித்து, மறுபடி ஓடவிட்டால் இடையில் நடந்தது அந்தப் பெட்டிக்குப் போகாது. ஏஜென்டில் செக்யூரிட்டி சேனலுக்கான, அதாவது விண்டோஸின் செக்யூரிட்டி லாக்குக்கான, 'இனி வருவது மட்டும்' (only-future-events) என்ற அமைப்பு ஆரம்பத்தில் 'ஆம்' என்றிருப்பதே காரணம். 'இல்லை' என்று மாற்றுங்கள். ஏஜென்ட் நின்றதைச் சொல்லும் விதி 506 வெறும் 3ஆம் நிலை, மெயிலோ 12இல் தொடங்கித்தான் போகும். அதையும் 12க்கு ஏற்றுங்கள். மெயில் போக போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் அனுப்பும் மென்பொருள் தேவை, பாஸ்வேர்டு கேட்கும் மெயில் சர்வரோடு வாஸு நேரடியாகப் பேசாது. டேலி ஃபோல்டரைத் தொட்டவர் யார் என்று பார்க்க 4663 வேண்டும். ஏஜென்டின் ஆரம்ப வடிகட்டி அதைத் தள்ளிவிடுகிறது, அங்கிருந்து எடுத்துவிட வேண்டும்.

வாஸு ஓடும் லினக்ஸ் பெட்டியின் ரூட் (முழு அதிகார) பாஸ்வேர்டு, கண்காணிக்கப்படும் அட்மினிடம் இருக்கவே கூடாது. முதலாளியிடம் இருக்கட்டும்.

தினமும் பத்து நிமிடம் படிக்க ஆள் இருந்தால் தயங்காமல் போடுங்கள். இரண்டு மூன்று கம்ப்யூட்டர் மட்டும் உள்ள கடைக்கு இது அதிகப்படி. அங்கே செக்யூரிட்டி லாக்கை 20 எம்பியிலிருந்து 1 ஜிபியாக்கி, வாரம் ஒருமுறை விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4720, 4732, லாக் அழிக்கப்பட்டதைக் காட்டும் 1102 மூன்றையும் பார்த்துவந்தால் போதும்.