குறளைக் கேட்பது: வாசிப்பா, இசையா?

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகே 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைக் கடந்து நடக்கும் காலைகளில், நான் குறளை வாசிப்பாகவும் இசையாகவும் மாற்றி மாற்றிக் கேட்பதுண்டு. முதலடியில் நான்கும் இரண்டாமடியில் மூன்றுமாக ஏழே சீர்களில் முடியும் அந்த வெண்பாவைத் தேர்ந்த குரல் வாசிக்கும்போது, சீர் பிரியும் இடமும் பொருள் பிரியும் இடமும் பலவேளை வேறுவேறு என்பது செவிக்கே புலப்படுகிறது. எங்கே நிறுத்துகிறார் என்பதே பாதி உரை. இசைப்பதிவிலோ தாளத்துக்காகச் சொற்கள் நீள்கின்றன, அடிகள் திரும்ப வருகின்றன. மனப்பாடம் எளிதாகிறது, பொருள் சற்றுப் பின்தங்குகிறது. தமிழ் எழுத்தறியாமல் இங்கே வளரும் பிள்ளைகளுக்குப் பாட்டையே முதலில் கொடுக்கலாம். எனக்கு வாசிப்புத்தான், அதுவும் பின்னணியில் வீணையைச் சேர்க்காத பதிவாக இருந்தால்.