இந்தியாவோடு எவ்வளவு நெருங்கலாம்? மலையகத்திலிருந்து நான்கு வழிகளை ஒப்பிட்டால்

இந்தியாவோடு இலங்கை இன்னும் நெருங்க வேண்டுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள்தான் உரக்கக் கேட்கும். பெரிய சந்தை பக்கத்திலேயே இருக்கிறது, விடக்கூடாது என்பது ஒன்று. இடம் கொடுத்தால் விழுங்கிவிடுவார்கள் என்பது மற்றது. 2023 ஜூலையில் டில்லியில் வெளியான கூட்டறிக்கையில் தரைவழி இணைப்பு, எண்ணெய்க் குழாய், மின் இணைப்பு என்று எல்லாமே இடம்பிடித்ததிலிருந்து இந்த வாதம் ஆறவேயில்லை. 2025 ஏப்ரலில் மின் இணைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கையும் கையெழுத்தாகிவிட்டது. ஒரு காலத்தில் தோட்டத் தமிழரை ‘இந்திய விஸ்தரிப்புவாதத்தின்’ கருவி என்று வகுப்பெடுத்த இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யின் தலைமையிலான அரசுதான் அதைச் செய்தது. காலம் அவ்வளவு மாறியிருக்கிறது.

ஆனால் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகளாக மலையகத்தில் இருக்கிற எங்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கில் எடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். இரண்டு அயல்நாடுகள் இணக்கமாகப் பேசி முடித்த காரியம்தான் அது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்திலும் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. பிள்ளைகளோடு சேர்த்து நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். மீந்து நின்றவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதனால் இரண்டு அரசுகள் நெருங்குவது நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் எனக்குப் பதில் வராது. அந்த நெருக்கத்தில் ஒரு சாதாரண ஆள் தனக்கென்று கேட்டு வாங்கக்கூடிய உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு வழிகளை அந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

சார்க் இருக்கிறபடியே இருக்கட்டும் என்றால்

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். 1985 டிசம்பரில் டாக்காவில் தொடங்கிய தென்னாசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க், எல்லா முடிவையும் ஏகமனதாகத்தான் எடுக்க வேண்டும், இரு நாடுகளுக்கிடையிலான பிணக்குகளைப் பேசவே கூடாது என்று தன் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. கடைசி உச்சி மாநாடு 2014இல் காத்மண்டுவில் நடந்தது. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது நின்றுபோனது, பிறகு கூடவேயில்லை. தென்னாசிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வர்த்தகம் அவற்றின் மொத்த வர்த்தகத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். 2022இல் இங்கே பால்மாவும் காஸும் இல்லாமல் வரிசையில் நின்றபோது இந்தியா கொடுத்த ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் உதவி நேரடியாக வந்தது. தமிழ்நாட்டு அரிசி மூட்டைகள் லயங்கள் வரை வந்து சேர்ந்தன. அதில் சார்க்குக்கு வேலையே இருக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் போல ஒன்று

படித்தவர்கள் அதிகம் ஆசைப்படுவது இதற்குத்தான். ஆசைப்படுவதில் நியாயமும் இருக்கிறது. பொதுச் சந்தையும் பொது நாணயமும் பலருக்குக் கண்ணில் படும். எனக்கு அதில் மிகப் பிடித்தது நீதிமன்றம். ஒரு டச்சுப் போக்குவரத்துக் கம்பனி, ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த இரசாயனப் பொருளுக்குத் தன் சொந்த அரசு கூடுதல் சுங்கவரி போட்டதை எதிர்த்து வழக்குப் போட்டது. ஒப்பந்தம் அரசுகளுக்கு மட்டும் உரியதில்லை, தனி ஆட்களுக்கும் அதிலிருந்து உரிமை பிறக்கிறது என்று லக்சம்பர்க் நீதிமன்றம் 1963இல் தீர்ப்புச் சொன்னது. 1964இல் எங்களுக்கு அப்படி ஒரு வாசல் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அந்த வீட்டை இங்கே அப்படியே கட்ட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகப் பெரிய நாடான ஜெர்மனியில் கூட மொத்த மக்களில் ஐந்தில் ஒரு பங்கு இல்லை. ஜெர்மனிக்குப் பக்கத்தில் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று சமமாகத் தோள் கொடுக்கவும் முறைக்கவும் ஆட்கள் உண்டு. தென்னாசியாவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மக்கள் ஒரே நாட்டில் இருக்கிறார்கள். ஆளுக்கொரு வாக்கு என்றால் டில்லி சொல்வதுதான் நடக்கும். நாட்டுக்கொரு வாக்கு என்றால் டில்லி வரவே வராது. பொது நாணயத்தில் சிக்கிய கிரேக்கம் 2010க்குப் பிறகு பட்ட பாட்டையும் பார்த்தோம். தன் நாணயத்தின் மதிப்பை இறக்கிச் சமாளிக்க அதற்கு வழி இருக்கவில்லை. இவ்வளவு கட்டுக்கோப்பான ஒன்றியத்திலிருந்தே பிரித்தானியா 2020இல் வெளியேறியது. அரசியல் ஒன்றியம், பொது நாணயம் இரண்டும் எங்கள் தலைமுறைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

பொருளுக்கு மட்டும் கதவு திறந்தால்

இப்போது உண்மையில் மேசையில் இருப்பது இதுதான். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கையை எட்கா என்ற பெயரில் விரிவாக்கப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். சேவைத்துறை, முதலீடு எல்லாம் அதில் சேரும்.

மலையகத்துக்கு இதில் என்ன கிடைத்தது? பழைய உடன்படிக்கையில் இலங்கைத் தேயிலைக்கு இந்தியா சலுகை வரியில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ என்று ஒரு கோட்டா கொடுத்தது. எந்தத் துறைமுகத்தில் இறக்கலாம் என்றும் ஆரம்பத்தில் கட்டுப்பாடு இருந்தது. அந்தக் கோட்டா நிரம்பவே இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி கிலோ தேயிலை விளைவித்து அதில் பெரும்பகுதியைத் தானே குடித்துவிடும் நாட்டுக்கு, விலை கூடிய எங்கள் தேயிலை அவசரத் தேவை இல்லை. ஆக, இந்தியச் சந்தை திறந்தால் தோட்டத்தில் சம்பளம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுகிற வழக்கத்தை எந்த வர்த்தக உடன்படிக்கையும் தொடாது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது தொழிற்சங்கமும் அரசும் கம்பனிகளும் இழுபறிப்பட்டு வந்த முடிவு.

பயம் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. மலிவான தேயிலையை இறக்கி இங்குள்ளதோடு கலந்து ஏற்றுமதி செய்ய விடுங்கள் என்று ஏற்றுமதியாளர்களில் ஒரு சாரார் வெகுகாலமாகக் கேட்கிறார்கள். தோட்டக்காரர்களும் சிறு உடைமையாளர்களும் எதிர்க்கிறார்கள். ஆண்டுக்கு 25, 26 கோடி கிலோ விளைவிக்கும் நாடு தன் பெயரை வைத்துத்தான் பிழைக்கிறது. பெயர் கலங்கினால் கொழும்பு ஏலத்தில் விலை விழும், அந்த அடி கடைசியில் வந்து விழுவது தொழிலாளரை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில். இந்த விஷயத்தில் நான் எதிர்ப்பவர்களின் பக்கம்.

உருளைக்கிழங்கும் அப்படித்தான். வெலிமடையிலும் நுவரெலியாவிலும் கிழங்கு கிண்டும் நேரத்தில் இறக்குமதிக் கிழங்கு வந்து குவிந்தால் என்ன ஆகும் என்று அங்கே ஒரு சின்னப் பிள்ளையும் சொல்லும். அறுவடைக்குத் தக்கபடி இறக்குமதி வரியை ஏற்றி இறக்கித்தான் அரசு சமாளிக்கிறது. அந்தப் பிடியை உடன்படிக்கையில் விட்டுக்கொடுத்தால் திரும்ப எடுக்க முடியாது. அதே நேரம் லயத்தில் இருப்பவர் கிழங்கை விற்பவரில்லை, வாங்குபவர். பம்பாய் வெங்காயமும் பருப்பும் இந்தியாவிலிருந்து மலிவாக வந்தால் அவர் வீட்டு உலை கொதிக்கும். இந்த முரணை மறைத்துவிட்டு எட்காவை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் நேர்மையாகாது.

மின் இணைப்பை நான் வரவேற்கிறேன். காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை என்று நாட்டுக்கு நீர்மின்சாரம் கொடுக்கும் நீர்த்தேக்கங்கள் எங்கள் மலைகளில்தான் இருக்கின்றன. மழை பொய்த்தால் நாடே இருட்டில் தவிக்கும், அப்போது வெளியிலிருந்து வாங்க வழி வேண்டும். பூட்டான் தன் நீர்மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்று அரசுச் செலவில் கணிசமான பங்கைப் பார்த்துக்கொள்கிறது. நேபாளம் 2024இல் இந்தியக் கம்பிகள் வழியாக பங்களாதேஷுக்கே 40 மெகாவாட் அனுப்பிக் காட்டியது.

நேபாளம் போல ஆளுக்கும் கதவு திறந்தால்

இதைத்தான் இலங்கையில் யாரும் பேசுவதில்லை. 1950இல் இந்தியாவும் நேபாளமும் செய்த ஒப்பந்தப்படி ஒரு நாட்டவர் மறுநாட்டில் விசா இல்லாமல் போகலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம். இருவரும் தனித்தனி நாடு, தனித்தனிக் கொடி, தனித்தனிக் கடவுச்சீட்டு.

எங்கள் அப்பாயியின் தங்கை குடும்பம் ஒப்பந்தத்தில் கூடலூருக்குப் போனது. தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் உண்டாக்கிய தேயிலைத் தோட்டத்தில் அவர்களும் கொழுந்துதான் எடுத்தார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் பேசும்போதும் பேச்சு நிறையைப் பற்றித்தான் வரும். அங்கே கத்தரியால் வெட்டுகிறார்களாம், இங்கே இன்னும் பெரும்பாலும் கைதான். ஒரு சாவு விழுந்தால் போக முடிவதில்லை. விசா, விமான டிக்கெட், லீவு என்று மூன்றும் கைகூடுவதற்குள் கருமாதி முடிந்துவிடுகிறது. ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னாரில் கப்பல் பிடித்த வழி 1980களில் போரோடு அடைபட்டது. 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் மலைநாட்டிலிருந்து பார்த்தால் வெகுதூரம்.

சரி, நேபாளத்தில் குறையே இல்லையா? இருக்கிறது, பெரிய குறை. 2015 செப்டெம்பரில் நேபாளம் புதிய அரசியலமைப்பைப் பிரகடனம் செய்ததும் எல்லையோர மாதேசி மக்கள் போராடினார்கள், எல்லையில் லொறிகள் நின்றன. பெற்றோலும் காஸும் மருந்தும் மாதக்கணக்கில் தட்டுப்பட்டன. இந்தியாதான் மறித்தது என்றது நேபாளம், இல்லை என்றது இந்தியா. மறுபக்கத்தில் உறவுள்ள சிறுபான்மை மக்கள் இரு நாடுகளின் சண்டையில் எப்படி நடுவில் மாட்டுகிறார்கள் என்பதற்கு இதைவிட எங்களுக்கு நெருக்கமான பாடம் இல்லை. அங்கேயும் பிணக்கைக் கொண்டுபோய் வைக்கப் பொதுவான நீதிமன்றம் கிடையாது.

கிழக்கு ஆபிரிக்காவை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். கென்யா, உகண்டா, தன்சானியா 1967இல் அமைத்த சமூகம், இலாபமெல்லாம் கென்யாவுக்கே போகிறது என்ற மனக்குறையில் 1977இல் உடைந்தது. பிறகு 1999இல் மறுபடி ஒப்பந்தம் எழுதினார்கள். இந்தமுறை அருஷாவில் ஒரு நீதிமன்றத்தையும் வைத்தார்கள். கென்யா, உகண்டா, ருவாண்டா மக்கள் அடையாள அட்டையோடு எல்லை தாண்டுகிறார்கள். எங்களோடு போட்டி போடும் தேயிலை நாடுகள் அவை, மொம்பாசா ஏலத்தில் ஒன்றாக விற்கின்றன.

என் தெரிவு இப்படி: எட்காவில் பொருள் அத்தியாயம் மெதுவாகப் போகட்டும், தேயிலைக் கலப்பும் கிழங்கும் அதற்கு வெளியே இருக்கட்டும். மின் இணைப்பு வரட்டும், ஆனால் அரசியல் பிணக்கு வந்தாலும் கம்பியை நிறுத்தக்கூடாது என்ற வாசகம் ஒப்பந்தத்திலேயே வேண்டும். இவற்றுக்கு முன்பாக, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்த குடும்பங்களும் அவர்களின் வாரிசுகளும் இரு பக்கமும் விசா இல்லாமல் போய்வர ஒரு உடன்பாடு வேண்டும். அதில் யாருடைய பிரஜாவுரிமையையும் தொடக்கூடாது. மறுக்கப்பட்டவர் தானே முறையிட இரு நாட்டு நீதிபதிகளும் அமரும் ஒரு நியாயசபை வேண்டும். தலைமன்னார்க் கப்பலை மறுபடி விடுவதற்குப் பாலம் கட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இறங்குதுறையைச் சீர்செய்தால் போதும்.