கொட்டும் முடி, மெலியும் முடி

மதுரையில் முடி கொட்டினால் முதல் பழி போர்வெல் தண்ணீர் மேல்தான். ஆனால் அக்காவுக்கும் அண்ணனுக்கும் கொட்டியது ஒரே மாதிரி இல்லை. அக்காவுக்கு டெங்கு வந்து 3 மாதம் கழித்து, சீப்பு வைத்தாலே கொத்துக் கொத்தாக, தலை முழுக்க உதிர்ந்தது. காய்ச்சல் அதிர்ச்சியில் வளர்கிற முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய், 2, 3 மாதம் கழித்துத்தான் உதிரும், வேர் சாகாததால் பெரும்பாலும் 6 மாதத்துக்குள் நின்று திரும்ப முளைக்கும். பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவதும் இதுவே.

அண்ணனுக்கு நெற்றி ஓரமும் உச்சியும் மட்டும், வருடக்கணக்கில், சத்தமில்லாமல். பரம்பரை வாகுள்ள வேர்களை டிஹெச்டி என்கிற ஆண் ஹார்மோன் சுருக்கச் சுருக்க முடி பூனை மயிராகிவிடும். இது தானாகத் திரும்பாது. மினாக்சிடில் போன்ற மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் இருப்பதையாவது காப்பாற்றலாம், நிறுத்தினால் பலனும் போய்விடும். அவரைத்தான் முதலில் தோல் டாக்டரிடம் அனுப்பியிருக்க வேண்டும்.