ஷார்ட் ஸ்கேல் பேஸ்: எதை வாங்கலாம், எதைக் கழற்றி மாட்டலாம்?

"கை சின்னதா இருக்கா? அப்ப ஷார்ட் ஸ்கேல் எடுங்க" என்பதுதான் பேஸ் கிட்டார் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை. ஷார்ட் ஸ்கேல் என்றால் தந்தி அதிரும் நீளம், அதாவது தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து உடலில் இருக்கும் பிரிட்ஜ் வரை, சுமார் 30 அங்குலம்; வழக்கமான லாங் ஸ்கேல் பேஸில் 34. அந்த ஆலோசனையில் உண்மை இருக்கிறது. 34 அங்குல பேஸில் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) வரை சுமார் 48.5 மில்லிமீட்டர். 30 அங்குலத்தில் அது 43-க்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் 36 தான் என்பதால், கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருகிறவருக்கு 30 அங்குலம் பாதி வழியில் நின்று கை கொடுக்கிறது. ஆனால் ஜாக் புரூஸ், ஸ்டான்லி கிளார்க் போன்ற பெரிய பேஸ் கலைஞர்கள் வாசித்த வகை இது. கை அளவோடு பேச்சை முடித்துவிட்டால், இந்த பேஸ்களை வைத்திருப்பவர்கள் ஏன் அவற்றை விடமாட்டேன் என்கிறார்கள் என்பது புரியாமலே போய்விடும்.

விஷயம் தந்தியின் விறைப்பில் இருக்கிறது. அதே தந்தியை அதே சுருதிக்கு ஏற்றினால், இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 34-லிருந்து 30-க்கு வந்தால் விறைப்பு ஏறத்தாழ 22 சதவீதம் குறைகிறது. விரலுக்கு மெத்தென்று இருக்கும், தந்தியை வளைக்கலாம், அடிநாதம் உருண்டு வரும். அதே காரணத்தால்தான் தடித்த 'இ' தந்தி தளர்ந்து, அழுத்தி மீட்டினால் சுருதி ஒரு கணம் மேலே துள்ளிவிட்டுக் கீழே வந்து அமர்கிறது. கிடைக்கும் சுகமும் படும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அதனால் ஷார்ட் ஸ்கேல் பேஸ்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது அந்த 'இ' தந்தியை எந்தக் கருவி எப்படிச் சமாளிக்கிறது என்பதைத்தான். நிறம், வடிவம் எல்லாம் அப்புறம்.

ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையரின் கிளாசிக் வைப் '60ஸ் மஸ்டாங்கிலிருந்து தொடங்கலாம். இதன் மூலவடிவம் ஃபெண்டர் 1966-இல் வெளியிட்ட மஸ்டாங் பேஸ். லியோ ஃபெண்டர் தன் பழைய நிறுவனத்துக்காக வடிவமைத்த கடைசி பேஸ் அதுதான். கழுத்து ஒல்லி, நட் அகலம் 38 மில்லிமீட்டர், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஒன்றே, அதுவும் நடுவில் இரண்டாகப் பிரிந்தது, ஒரு வால்யூம், ஒரு டோன். இவ்வளவுதான். இந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கும். பேண்டில் மற்ற வாத்தியங்கள் நெருக்கும்போதும் இதன் நடுத்தர ஒலி அமுங்காமல் வெளியே வரும். பிக்கப் பிரிந்திருப்பதால் 'ம்ம்ம்' என்ற மின் இரைச்சலும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தந்திகள் உடலின் பின்பக்கமிருந்து மரத்தைத் துளைத்துக்கொண்டு பிரிட்ஜுக்கு வருகின்றன. ஆக, தந்தியின் குண்டுமுனைக்கும் நட்டுக்கும் இடையே மரத்தின் தடிமன் கூடுதலாகச் சேர்கிறது. 'ஷார்ட் ஸ்கேல்' என்று அட்டையில் போட்டிருக்கும் எல்லா செட்டும் இதற்கு எட்டாது. தந்தியின் உள்கம்பிமேல் சுற்றிய தடித்த சுற்று நட்டைத் தாண்டுவதற்குள்ளேயே முடிந்து, மெல்லிய பகுதி நட்டின் மேல் உட்கார்ந்துவிடும். அப்புறம் அந்தத் தந்தி எந்த ஜென்மத்திலும் சரியாக ஒலிக்காது. மஸ்டாங்குக்கென்றே தந்தி நிறுவனமான லா பெல்லா தனி ஃபிளாட்வுண்ட் (வழவழப்பான தட்டைச் சுற்று) செட் போடுவது இதனால்தான். இல்லாவிட்டால் மீடியம் ஸ்கேல் செட் வாங்கலாம். எப்படியானாலும் பணம் கொடுக்கும் முன் குண்டுமுனை உட்காரும் இடத்திலிருந்து நட் வரை டேப் வைத்து அளந்து, சுற்று நீளம் அதைவிடக் கூடுதலா என்று பாருங்கள்.

லாங் ஸ்கேல் செட்டை வெட்டிப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். போடலாம், ஆனால் தடித்த சுற்றே தந்தியை முறுக்கும் டியூனரின் தண்டில் ஏற வேண்டியிருக்கும், சிறிய தண்டில் அது சரியாக உட்காராது. வெட்டுவதானால் வெட்டும் இடத்துக்குச் சற்று முன்பே தந்தியைச் செங்கோணமாக மடித்துக்கொண்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, தந்தி உயிரிழந்துவிடும்.

மஸ்டாங்குக்கு நேர் எதிரே நிற்பது அதே ஸ்குவையரின் பிராங்கோ. விலை நன்றாகக் குறைவு, அதே 30 அங்குலம். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வாசித்தால் மஸ்டாங் இதைத் தோற்கடித்துவிடும், அதில் விவாதமே இல்லை. காரணம் பிக்கப். பிராங்கோவின் மூடிக்கடியில் இருப்பது உண்மையில் ஆறு காந்தத் துருவங்கள் கொண்ட சாதாரண கிட்டார் பிக்கப். நான்கு தந்திகள் அந்த ஆறு துருவங்களோடு நேர் வராது. இரைச்சலும் இருக்கும், அடிநாதமும் மெலிவு.

ஆனால் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் குறையே வரம். ஃபெண்டரின் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) கிட்டார் அளவு பிக்கப் என்பதால் சந்தையில் கிடைக்கும் நூற்றுக்கணக்கான மாற்றுகள் அதே ஓட்டையில் உட்காரும். பிராங்கோ பிரியர்கள் பெரும்பாலும் போவது செய்மோர் டங்கனின் ஹாட் ரெயில்ஸ் போன்ற தகடு வகை ஹம்பக்கருக்கு (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்). துருவங்களுக்குப் பதில் நீளத் தகடு இருப்பதால் தந்தி எங்கே நின்றாலும் ஒரே அளவில் பிடிக்கும், இரைச்சலும் போய்விடும். பழைய பிராங்கோக்களில் பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் துண்டான சேடில் இரண்டேதான், ஒவ்வொன்றிலும் இரண்டு தந்திகள். 'இ'யை மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி சேர்த்தால் 'ஏ' விலகும், 'ஏ'யைச் சேர்த்தால் 'இ' கோபித்துக்கொள்ளும். நான்கு சேடில் பிரிட்ஜ் மாட்டினால் அந்த வழக்கு முடிந்துவிடும். பிக்கப், பிரிட்ஜ் இரண்டுக்கும் செலவழித்த பிறகு கணக்குப் பார்த்தால் மஸ்டாங்கின் விலையை நெருங்கியிருப்பீர்கள். அதனால் மிச்சம் பிடிக்க பிராங்கோ வாங்காதீர்கள். கழற்றிப் பூட்டுவதே சந்தோஷம் என்பவர்கள் வாங்கலாம்.

எந்த மாற்றத்துக்கும் முன்னால் தந்தியை மாற்றிப் பாருங்கள் என்பேன். பிக்கப் மாற்றினால் வருகிற வித்தியாசத்தைவிட ஃபிளாட்வுண்ட் போட்டால் வருவது பெரிது, குறிப்பாக ஷார்ட் ஸ்கேலில். ஃபிளாட்வுண்ட் பொதுவாக இறுக்கமாக நிற்கும், அதனால் குறைந்துபோன விறைப்பில் கொஞ்சம் திரும்பி வருகிறது. 34 அங்குலத்தில் .105 அங்குலத் தடிமன் தரும் இழுவிசையை 30 அங்குலத்தில் அப்படியே பெறக் கணக்குப்படி .119 அளவுக்குத் தந்தி வேண்டும். அது கயிறு மாதிரி விறைத்து, மேல்சுரங்களை விழுங்கிவிடும். .105-க்கும் .110-க்கும் இடையே நிறுத்திக்கொள்வது நல்லது. தடித்த தந்தி போட்டால் நட்டின் பள்ளத்தைச் சற்று அராவ வேண்டிவரும், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான டிரஸ் ராடையும் கால் சுற்று திருகிச் சரிபார்க்க வேண்டும்.

ஹோஃப்னர் 500/1, அதாவது வயலின் வடிவ பேஸ், வேறு உலகம். 1956-இல் வந்தது. பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு ஒன்றை வாங்கினார். இடதுகையால் வாசிக்கும் அவருக்குச் சமச்சீரான வடிவம் தலைகீழாகத் தெரியாது என்பது ஒரு காரணம், ஃபெண்டர் வாங்கக் காசு இல்லை என்பது இன்னொன்று. அந்த பேஸ் 1972-இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போய், 2024-இல்தான் கிடைத்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. இன்று பட்ஜெட்டில் வாங்கக் கூடியது இக்னிஷன் வரிசை.

உடல் உள்ளே வெறும் கூடு, எடை இரண்டரை கிலோவுக்கும் கீழே. மஸ்டாங் மூன்றரைக்குப் பக்கத்தில் வரும். மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள்பட்டை இந்த வித்தியாசத்தை நன்றாகவே உணரும். ஒலியில் கார்வை குறைவு. சுரம் 'தும்' என்று பிறந்து சட்டென்று அடங்கிவிடும், அடுத்த சுரத்துக்கு இடம் விடும். தளர்ந்த 'இ' தந்தியின் நடுக்கம் காதில் விழுவதற்குள்ளேயே சுரம் முடிந்துவிடுவதால், விறைப்புப் பிரச்சினையை ஹோஃப்னர் ஒருவிதத்தில் தாண்டிப் போய்விடுகிறது. படிப்படியாக நடந்து போகும் (வாக்கிங்) பேஸ் லைன்களுக்கு இதைவிட அழகு எனக்குத் தெரிந்து இல்லை. ராக் வாசிக்கிறவர்கள் பெரிய ஆம்ப் முன்னால் நின்றால் கூடு ஊளையிடத் தொடங்கும். அவர்களுக்கு உள்ளே மரக்கட்டை வைத்த கன்டெம்பரரி வரிசைதான் சரி, விலை கொஞ்சம் ஏறும்.

மாற்றம் செய்யும் ஆசையை ஹோஃப்னரிடம் அடக்கி வையுங்கள். மர பிரிட்ஜ் எதிலும் திருகப்படவில்லை, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. நான்கையும் ஒன்றாகக் கழற்றினால் அது நகர்ந்து, சுருதி மொத்தமும் குலைந்துவிடும். ஒவ்வொரு தந்தியாக மாற்ற வேண்டும், முதலில் பிரிட்ஜின் ஓரத்தில் சிறு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. சேடிலுக்குப் பதில் சின்ன ஃப்ரெட் துண்டுகள் பள்ளங்களில் இருக்கும், அவற்றைப் பள்ளம் மாற்றி வைத்துத்தான் சுருதி சேர்க்க முடியும். ஏசி அறையிலிருந்து வெளிப்புழுக்கத்துக்கு அடிக்கடி போய்வந்தால் மெல்லிய மேற்பலகையும் கழுத்தும் அசையும், அப்போதெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். கன்ட்ரோல் தகட்டில் இருக்கும் ஸ்விட்ச்சுகளின் பெயர்களை நம்பாதீர்கள், காதை நம்புங்கள்.

கிப்சன் 1959-இல் கொண்டுவந்த ஈபி-0 வழியில் வந்த எபிஃபோன் ஈபி-0, 30.5 அங்குலம். கழுத்தை ஒட்டியே ஒரு பெரிய ஹம்பக்கர், அதற்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'மட்பக்கர்'. சேற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஒலி என்பதால். சிலருக்கு அதுவே போதை. டப், ரெக்கே வாசிப்பவர்கள் இதைத் தேடிப் போவதில் எனக்கு ஆச்சரியமில்லை. மற்றவர்களுக்கு எந்தச் சுரம் வாசிக்கிறோம் என்றே பேண்டில் கேட்காது. பிக்கப்பைச் சற்றுக் கீழே இறக்கினால் தெளிவு கொஞ்சம் கூடும். பிரிட்ஜ் பக்கம் இரண்டாவது பிக்கப் போட்டு ஈபி-3 ஆக்கிக்கொள்வதும் உண்டு, ஆனால் அதற்கு மரத்தைக் குடைய வேண்டும். இன்னொரு தொல்லை, கையை எடுத்தால் தலை தரையைப் பார்த்துச் சாயும். எடை குறைந்த ஹிப்ஷாட் அல்ட்ராலைட் டியூனர் நான்கும், உள்பக்கம் சொரசொரப்பான அகல ஸ்ட்ராப்பும் அதைப் பெருமளவு தீர்க்கும்.

ஐபனேஸ் மைக்ரோ 28.6 அங்குலம். பத்து வயதுப் பிள்ளைக்கு, பயணத்துக்கு, மடியில் வைத்து யோசிக்க. 34-ஐ ஒப்பிட விறைப்பு 29 சதவீதம் குறைவதால் 'இ' தந்தி இந்தக் கூட்டத்திலேயே தளர்வானது. விலைக்கு நல்ல கருவி, மேடைக்கு எனில் அதே ஐபனேஸின் 30 அங்குல டால்மன் டிஎம்பி30 பக்கம் போகலாம்.

ஒரே ஒரு ஷார்ட் ஸ்கேல்தான் வாங்க முடியும் என்றால் என் கை மஸ்டாங்குக்கே போகும். இரண்டாவதாக வாங்குகிறவருக்கு ஹோஃப்னர். டிராப் டி சுருதியிலேயே காலம் தள்ளுகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். 'இ'யை 'டி'க்கு இறக்கினால் மிச்சமிருக்கும் விறைப்பிலும் இன்னொரு 20 சதவீதம் போய்விடும். அவர்களுக்கு 1951-இல் ஃபெண்டர் பிரிசிஷன் வகுத்த 34 அங்குலம் இன்றும் சரியாகவே இருக்கிறது.