சின்ன அடுப்படிக்கு 20 லிட்டர் சோலோ மைக்ரோவேவ் போதும்

கன்வெக்‌ஷன் என்கிற கேக் சுடும் வகை வேண்டாம். 28 லிட்டர் வேண்டவே வேண்டாம். சுட வைக்கவும் வேக வைக்கவும் மட்டும் ஆகிற, குமிழைத் திருகி ஓட்டுகிற 20 லிட்டர் சோலோ மைக்ரோவேவ் ஒன்றை கானாடுகாத்தான் பக்கம் எங்கள் வீட்டு அடுப்படியில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நம் பக்கத்துச் சமையலுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

செட்டிநாட்டு வீட்டில் சின்ன அடுப்படியா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளுகிற வீடுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணமான பிள்ளைகளை வேறு வைக்கிற வழக்கம் உள்ள வீட்டில், கூரை ஒன்றுதான், உலை ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடியின் குடும்பத்துக்கும், தனி. பங்கு பிரிந்து பிரிந்து எங்கள் கைக்கு வந்தது இரண்டு அறையும் ஒரு அடுப்படியும். அந்த அடுப்படியில் நானும் அப்பத்தாவும் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நின்றுதான் பேச வேண்டும். காரைக்குடியில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் நிலைமை இதேதான், அவர்களுக்கு வளவு மட்டும் கிடையாது.

கடைக்குப் போனால் எல்லாரும் லிட்டர் கணக்குப் பேசுவார்கள். லிட்டர் என்பது உள்ளே இருக்கிற இடம், உங்கள் மேடையில் உட்காரப்போவது வெளிப்பெட்டி. 17 லிட்டருக்கும் 20 லிட்டருக்கும் வெளிப்பெட்டியில் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டுமே அகலம் 45, உயரம் 26, ஆழம் 33 முதல் 36 செ.மீ. வாக்கில்தான் இருக்கின்றன. அதனால் இடம் மிச்சமாகும் என்று நினைத்து 17 எடுப்பதில் லாபம் இல்லை, நூறு இருநூறு விலை குறைகிறது என்றால் சரி. 28 லிட்டர் கன்வெக்‌ஷன் அப்படியில்லை. அகலம் 50 செ.மீ.யைத் தாண்டும், ஆழமும் அதற்குக் கிட்டத்தட்ட வரும், மேடையில் பாதி போய்விடும்.

பெட்டி அளவோடு கணக்கு முடியாது. மேலே 20 செ.மீ., பின்னால் 10 செ.மீ., பக்கங்களில் கொஞ்சம் காற்று இடைவெளி விட வேண்டும் என்று பெரும்பாலான கையேடுகளில் போட்டிருக்கும். உள்ளே அலையை உண்டாக்குகிற மேக்னட்ரான் சூடாகும், அதை ஒரு விசிறி ஆற்றும், அந்த விசிறிக்கு மூச்சு விட இடம் வேண்டும். பழைய வீட்டுக்காரர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். நம் சுவர்கள் கனமானவை, சுவருக்குள்ளேயே அலமாரி இருக்கும், பார்த்தால் மைக்ரோவேவுக்கென்றே கட்டினது போலத் தோன்றும். மரக்கதவைக் கழற்றிவிட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள். மூன்று பக்கமும் சுவர் அடைத்துக்கொண்டிருந்தால் சூடு எங்கே போகும்? கொஞ்ச நேரம் ஓடியதும் தானாக நின்றுவிடும், சூடு ஆறிய பிறகுதான் மறுபடி கிளம்பும். வாங்கின பொருள் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்துப் பாருங்கள்.

சுவரில் தாங்கி அடித்து மேலே ஏற்றலாம் என்று சொல்வார்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, இன்றைக்கும் தொட்டால் வழுக்குகிற சுவரில் துளை போட எனக்கு மனசு வரவில்லை. ஃப்ரிட்ஜ் தலையில் வைக்கிற வழக்கமும் உண்டு, அதுவும் வேண்டாம். கொதிக்கிற குழம்புக் கிண்ணத்தைக் கண்ணுக்கு மேலே கையை நீட்டி இறக்குவது ஆபத்து, அதிலும் வயசானவர்கள் இருக்கிற வீட்டில் யோசிக்கவே வேண்டாம். நான் அடுப்பிலிருந்து தள்ளி, 45 செ.மீ. ஆழமுள்ள ஒரு மர மேசையில் வைத்திருக்கிறேன். பின்னால் விட வேண்டிய இடமும் போய் மயிரிழையில் பொருந்தியது. இன்னொன்று, கதவு பெரும்பாலும் இடது பக்கமாகத்தான் திறக்கும். இடது பக்கம் சுவரை ஒட்டி வைத்தால் கதவு பாதியில் முட்டும், கண்ணாடித் தட்டை வெளியே எடுத்துக் கழுவுவது தினம் ஒரு வேதனை. வலது பக்கம் சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க ஒரு சாண் இடம் விடுங்கள்.

அப்புறம் கரண்ட். 700 வாட் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது சாப்பாட்டுக்குள் போகிற சக்தி. லைனிலிருந்து அது இழுப்பது 1,100, 1,200 வாட் இருக்கும். 230 வோல்ட்டுக்கு வகுத்தால் 5 ஆம்பியர் வாக்கில் வரும். அப்பச்சி காலத்தில் இழுத்த வயரிங்கில், மிக்ஸி போடுகிற சின்ன பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாகக் கொடுத்தால் பிளக் உருகலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றும் ஒழுங்கான எர்த்தும் போட்ட பிறகு வாங்குங்கள், மைக்ரோவேவ் செலவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயர் எப்போதும் குட்டையாகத்தான் வரும், பாயின்ட் எங்கே என்பதைப் பொறுத்துத்தான் பெட்டி எங்கே என்பது. வீட்டில் கரண்ட் போனால் விளக்கெரிகிற இன்வெர்ட்டர் இருக்கிறதே, அந்த லைனில் இதைப் போடக் கூடாது, தாங்காது. கடையில் ‘இன்வெர்ட்டர் மைக்ரோவேவ்’ என்று விற்பது வேறு சங்கதி. சாதாரணப் பெட்டியில் பாதி சக்தி வைத்தால், முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடி, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் வகையில் உண்மையிலேயே வேகத்தைக் குறைத்து, நிற்காமல் ஓடும். நல்ல விஷயம்தான், ஆனால் சாதம் சுட வைக்க அதற்குக் கூடுதல் காசு கொடுக்க நான் தயாராக இல்லை.

சாயந்திரம் வோல்டேஜ் இறங்குகிற ஊர்களில் இன்னொரு தொல்லை இருக்கிறது. விளக்கு மங்கும், தட்டு சுற்றும், சூடு மட்டும் ஏறாது. இரண்டு நிமிஷ வேலைக்கு மூன்று நிமிஷம் ஆகும், அவ்வளவுதான், பெட்டியில் கோளாறு இல்லை. மின்கட்டணத்தைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம், 1,200 வாட் பெட்டி 5 நிமிஷம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும்.

குமிழா, பொத்தானா? எனக்குக் குமிழ்தான். ஒரு குமிழ் சக்திக்கு, ஒரு குமிழ் நேரத்துக்கு. பொத்தான் வைத்ததில் ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் கடிகாரம் கண்ணடித்துக்கொண்டே நிற்கும், மறுபடி அமைக்க வேண்டும். அப்பத்தாவுக்குப் பொத்தான் மேல் இருக்கிற படமும் எழுத்தும் தெரியாது, குமிழைத் திருகத் தெரியும். முதல் தடவை கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “தீயே இல்லாம எப்புடி ஆத்தா கொதிக்கும்?” என்றார். சாப்பாட்டுக்குள் இருக்கிற தண்ணீரை அலை குலுக்குகிறது, அதில்தான் சூடு என்று சொன்னேன். “அப்ப வறண்டதப் போட்டா கருகிப் போகுமாக்கும்” என்று கேட்டார். பாதி சரிதான், காய்ந்த பண்டத்தைக் கவனிக்காமல் விட்டால் நடுவில் கருகும். குமிழில் குறையும் உண்டு: ஒரு நிமிஷத்துக்குக் குறைவான நேரத்தைச் சரியாக வைக்க முடியாது, 20 வினாடி வேண்டுமென்றால் எண்ணிக்கொண்டு நின்று கதவைத் திறக்க வேண்டியதுதான். என் பெட்டியில் உள்விளக்கும் மங்கல், பால் பொங்குகிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு எது ஒத்துவருகிறது என்பதுதான் நிறையப் பேர் கேட்கிறார்கள். இடியாப்பத்துக்கு இதைவிட நல்ல சாதனம் இல்லை. காலையில் பிழிந்தது மத்தியானம் வறண்டு கிடக்கும். கையில் தண்ணீர் தொட்டுத் தெளித்து, கண்ணாடிக் கிண்ணத்தில் மூடி வைத்து ஒரு நிமிஷம் கொடுத்தால் ஆவியில் வெந்தது போலவே வந்துவிடுகிறது. கோழிக் குழம்பு, தண்ணிக் குழம்பு, வெண்டைக்காய் மண்டி எல்லாம் சரியாகச் சுடுகின்றன, ஆனால் மூடாமல் வைக்காதீர்கள், மிளகாய் எண்ணெய் உள்ளே நான்கு சுவரிலும் தெறித்து உட்காரும். கெட்டிக் குழம்பை முழு சக்தியில் வைத்தால் ஓரம் கொதித்து நடு சில்லென்று இருக்கும், பாதி சக்தியில் வைத்து நடுவில் ஒரு தடவை கிளறுங்கள். பூண்டு உரிக்கிறவர்கள் கவனியுங்கள். ஒரு கிண்ணம் பூண்டுப் பல்லை 15, 20 வினாடி காட்டி எடுத்தால் தோல் கழன்று வருகிறது. சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் குழம்பு வைக்காத ஊரில் இந்த ஒரு வேலைக்கே பாதிக் காசு வந்துவிட்டது என்பேன். மழைக்காலத்தில் நமத்துப் போன ரவை, வேர்க்கடலை இரண்டையும் இடையிடையே கிளறி எடுத்தால் ஈரம் போய்விடும், கடலைக்கு மொறுமொறுப்பும் திரும்பும். அப்பளம் எண்ணெய் இல்லாமல் பொரிகிறது, சுவை சுட்ட அப்பளம் போல, பொரித்தது போல இல்லை.

வெள்ளைப் பணியாரத்தை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். ஓரத்து மொறுமொறுப்பு போய், ரப்பராகி, கொஞ்சம் ஆறினதும் பல்லில் இழுக்கும். மசாலை சீயத்துக்கும் அதே கதிதான். சோலோவில் எதுவும் சிவக்காது, அதற்குத் தவாவும் எண்ணெய்ச் சட்டியும்தான். கறுப்புக் கவுனி அரிசியை இதில் வேக வைத்தால் சீக்கிரம் ஆகும் என்று யாரோ சொன்னார்கள் என்று முயன்று பார்க்க வேண்டாம், அந்த அரிசி தண்ணீர் குடிக்க எடுத்துக்கொள்கிற நேரம் எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். ராத்திரி ஊற வைத்து, காலையில் குக்கரில் போடுங்கள். ஓட்டோடு முட்டையை உள்ளே வைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இனி பாத்திரம். எவர்சில்வர் கூடாது, பொறி பறக்கும் என்று தெரிந்தவர்கள்கூட எனாமலில் ஏமாறுவார்கள். பர்மா, மலேயா போய் வந்த ஐயாக்கள் காலத்து எனாமல் கிண்ணங்கள் நம் வீடுகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் குவிந்து கிடக்கின்றன. பார்த்தால் பீங்கான் போல இருக்கும், பூ போட்டிருக்கும், ஆனால் பூச்சுக்கு உள்ளே இரும்பு. ஓரத்தில் சில்லுப் பெயர்ந்த இடத்தில் கறுப்பாகத் தெரிவது அதுதான். மங்குத் தட்டு உண்மையான பீங்கான், ஆனால் விளிம்பில் தங்கக் கோடு இருந்தால் அதுவும் ஆகாது, அந்தக் கோட்டில் பொறி ஓடி, கோடு கறுத்து, பாட்டி சீராகக் கொண்டுவந்த சாமான் பாழாகும். கோடு இல்லாத பீங்கான், போரோசிலிக்கேட் என்கிற சூடு தாங்கும் கண்ணாடி, இரண்டும் போதும். பிளாஸ்டிக் டப்பா மைக்ரோவேவுக்கு உகந்தது என்று போட்டிருந்தாலும் நம் குழம்பின் மஞ்சளும் மிளகாயும் ஏறி முதல் தடவையிலேயே ஆரஞ்சாகிவிடும். வாங்கும்போது விட்டத்தையும் பாருங்கள். 20 லிட்டர் பெட்டியில் சுழலும் தட்டு 24, 25 செ.மீ.தான். நீளச் சதுரக் கிண்ணம் தட்டில் உட்கார்ந்தாலும் சுற்றும்போது மூலை சுவரில் இடித்து நின்றுவிடும். வட்டமாக, 20 செ.மீ.க்குள் வாங்குங்கள்.

காரைக்குடியில் நான் போன கடையில் விற்பனைப் பையன் விடாமல், “கேக் பண்ணலாம்க்கா, தந்தூரி பண்ணலாம்க்கா” என்று கன்வெக்‌ஷனிலேயே நின்றான். சோலோ 5,000 முதல் 8,000 ரூபாய்க்குள் முடிகிறது, கன்வெக்‌ஷன் சுலபமாக 10,000-ஐத் தாண்டும், அவன் ஆர்வம் புரிந்தது. கேக் சுடுகிற வீடு என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் அது ஓடும்போது வெளிச்சுவரும் சூடாகும், இடைவெளி இன்னும் தாராளமாக வேண்டும். நம் அடுப்படியில் அதற்கு எங்கே போவது?

உட்பூச்சையும் கேளுங்கள். விலை குறைந்ததில் பெயின்ட் போன்ற பவுடர் பூச்சு இருக்கும். ஆவியைத் துடைக்காமல் கதவைச் சாத்தினால் மூலையில் பெயர்ந்து துரு பிடிக்கும். சாம்சங் போன்றவர்கள் தருகிற செராமிக் எனாமல் பூச்சில் மசாலைக் கறை சுலபமாகப் போகும். எந்தப் பூச்சானாலும் ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சைத் துண்டு போட்டு இரண்டு மூன்று நிமிஷம் ஓட்டி, ஆவியோடு துணியால் துடைத்தால் உப்புக்கண்ட வாடைகூடப் போய்விடுகிறது. துடைத்த பிறகு கதவைக் கொஞ்ச நேரம் திறந்தே விடுங்கள். சர்க்கரை டப்பாவைப் பக்கத்தில் வைக்காதீர்கள், பக்கவாட்டுத் துளை வழியாக எறும்பு உள்ளே குடியேறும். பல்லியும் அந்த வெதுவெதுப்புக்கு வரும்.

காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பழுதானால் ஆள் எங்கிருந்து வருவார்? காரைக்குடியிலேயே இருக்கிறாரா, மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர வேண்டுமா? என் பெட்டிக்கு டெமோ காட்ட வருவதாகச் சொன்ன ஆள், போனுக்கு மேல் போன் போட்டபிறகுதான் எட்டிப் பார்த்தார், அதற்குள் நான் கையேட்டைப் படித்து ஓட்ட ஆரம்பித்திருந்தேன். சுழலும் கண்ணாடித் தட்டு உடைந்தால் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்றும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆத்தங்குடிக் கல் தரையில் கை தவறினால் அது மிஞ்சாது. பெட்டிக்கு ஒரு வாரன்டி, மேக்னட்ரானுக்குத் தனி வாரன்டி என்று இருக்கும், இரண்டையும் மாடல் எண், சீரியல் எண்ணோடு பில்லில் எழுதி வாங்குங்கள். அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் வாரன்டி முடிகிறவரை பரணில் போட்டு வையுங்கள்.