கிணற்றடிக் காணி போன கதை: ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் வாசியுங்கள்

கொக்குவிலில் எங்கள் அம்மாவின் சீதன வீடு இருக்கிறது. காணி மூன்று பரப்பு. அதில் பின்பக்கத்து ஒரு பரப்பு, கிணறும் பலாமரமும் உள்ள துண்டு, இன்னும் எங்களுடையதா என்பதை இனி யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

வழக்கு நடப்பதால் ஆளின் பெயரையோ, உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயரையோ எழுதப் போவதில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் புலிகளோடு சண்டை பிடித்து யாழ்ப்பாண நகருக்குள் வந்தபோது நல்லூர்க் கோயில் வீதியில் படுத்துக் கிடந்தோம். வீட்டுக்குத் திரும்பினோம். 1995 ஒக்டோபர் 30 மாலை, எல்லோரும் வெளியேறச் சொல்லி புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அப்பா காணி உறுதியை, அதாவது பத்திரத்தை, ஒரு பால்மாப் பேணிக்குள் வைத்து மெழுகு ஊற்றி மூடி, சைக்கிள் கரியரில் அரிசிப் பைக்கு அடியில் கட்டினார். நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள், இலட்சக்கணக்கான சனத்துக்கு நடுவே, அவர் கைவிடாத சாமான் அந்தப் பேணி ஒன்றுதான். என் தங்கச்சியையே இரண்டு தடவை தவறவிட்டுத் தேடினோம், பேணி தவறவில்லை. சாவகச்சேரியில் இருந்தவர்களில் பலர் வன்னிக்குப் போனார்கள். அப்பா போகவில்லை. "வன்னிக்குப் போனா வீடு போயிடும்" என்றார். 1996 ஏப்ரலில் சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சியும் இராணுவத்திடம் போனது. நாங்கள் வந்த வழியே திரும்பினோம்.

வீட்டில் ஓடு இல்லை, கதவு இல்லை, கதவு நிலைகூட இல்லை. கிணற்றுக்குள் எங்கள் அம்மி கிடந்தது. யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள், இன்றுவரை தெரியாது. நாலு நாள் இறைத்துத்தான் அதை எடுத்தோம். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை மூடினபோதும் அம்மாவும் அப்பாவும் அந்த வீட்டை விட்டு அசையவில்லை.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்படிக் காத்த காணியை எடுக்க ஒருவனுக்குத் தேவைப்பட்டது நாலு பக்கக் கடதாசியும் ஒரு பேனாவும்.

அப்பா போனபின் அம்மா தனியே இருந்தார். 2019இல் முழங்கால் வருத்தம் கூடி, எங்களோடு கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்தார். வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஒருவர் அம்மாவுக்கு நல்ல பழக்கமாகி இருந்தார். காணித் தரகர். ஆனால் அம்மாவிடம் தரகராக வரவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்துக் கொடுக்கும் தம்பியாகத்தான் வந்தார். "அன்ரி, நீங்கள் போனாப் பிறகு சோலைவரி கட்ட வேணும், கரண்ட் பில் கட்ட வேணும், ஆரும் வேலிக்குள்ளை வந்தா பொலிசுக்குப் போக வேணும். எனக்கொரு அற்றோணி தந்தா நான் பாத்துக்கொள்ளுவன்."

அற்றோணி என்றால் எங்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். நியாயமான பேச்சு. அந்த இடத்தில் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். போனில் கேட்டபோது சொல்லியும் விட்டேன்.

நொத்தாரிசும் அவரே கூட்டிப்போன ஆள். அற்றோணித் தத்துவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. "விளங்கினதோ அம்மா?" என்று நொத்தாரிசு கேட்டாராம். எங்கள் அம்மா படித்த ஆட்களுக்கு முன்னால் விளங்கவில்லை என்று சொல்கிற ஆள் இல்லை. "ஓம்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். பிரதி கேட்கவில்லை. அவர்களும் கொடுக்கவில்லை. பிறகு வழக்குக்காக எடுத்தபோதுதான் நான் அதை முதன்முதலாக வாசித்தேன். சோலைவரி கட்டுவது மூன்றாம் பந்தியில் இருந்தது. முதலாம் பந்தி: விற்கவும், ஈடு வைக்கவும், குத்தகைக்குக் கொடுக்கவும், நன்கொடை எழுதவும், பணத்தைப் பெற்றுப் பற்றுச்சீட்டுக் கொடுக்கவும். காணி எது என்றுகூட எழுதவில்லை. அம்மாவுக்கு இலங்கையில் உள்ள அசையாச் சொத்து எல்லாம்.

மூன்று வருடம் ஒழுங்காகத்தான் இருந்தார். சோலைவரிப் பற்றுச்சீட்டை வட்ஸ்அப்பில் அனுப்புவார், பலாப்பழத்தின் படமும் அனுப்புவார்.

அப்புறம் 2022 வந்தது. டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறினது. ஊரில் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை, மண்ணெண்ணெய் இல்லை. ஜூலை 9, ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்தில் சனம் குதிக்கிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்த கிழமைதான் அவருடைய அழைப்பு வந்தது. குரலில் ஒரு பதற்றம். "அன்ரி, நாடு கவிழ்ந்து போச்சு. இனி ஆர் வந்து என்ன செய்வாங்களோ தெரியாது. வெளிநாட்டுப் பாஸ்போட்காரர் காணி வைச்சிருக்க ஏலாதெண்டு சட்டமே இருக்கு. பறிபோக முதல் வித்துப்போட்டுக் காசை எடுங்கோ. இல்லாட்டி தற்காலிகமா என்ரை பேரிலை எழுதுங்கோ." ஆதாரமாக 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். முதல் பக்கம் மட்டும்.

அப்படி ஒரு சட்டம் உண்மையில் இருப்பதுதான் இதில் கெட்டித்தனம். ஆனால் அது வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கும் சட்டம். ஏற்கெனவே உங்கள் பெயரில் இருக்கும் காணியை அது பறிப்பதில்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை, பெற்றோரின் சொத்து பிள்ளைகளுக்கு முதுசமாக வருவதற்கும் இடம் இருக்கிறது. அதோடு எங்கள் அம்மா இன்றும் இலங்கைப் பாஸ்போட்காரி! கொழும்பில் ஒரு சட்டத்தரணி பத்து நிமிடத்தில் இதை விளக்கினார். நாங்கள் விற்கவில்லை என்று சொன்னோம். அவரும் "சரி அன்ரி, உங்கட விருப்பம்" என்று வைத்துவிட்டார்.

எங்கள் பிழை அந்த இடத்தில்தான். பொய் சொல்கிறான் என்று தெரிந்த அன்றைக்கே அற்றோணியை இரத்துச் செய்திருக்க வேண்டும். நான் சொன்னேன். அம்மா, "பாவம், எங்களுக்காக எவ்வளவு ஓடித் திரிஞ்சவன், மனம் நோகும்" என்றார். நானும் வேலை, பிள்ளைகள் என்று விட்டுவிட்டேன்.

2023 பெப்ரவரியில் பக்கத்து வீட்டு மாமி ஒரு படம் அனுப்பினா. எங்கள் கிளுவங் கதியால் வேலி பிடுங்கிக் குவித்துக் கிடக்கிறது. கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே மதிலுக்கு அத்திவாரம் வெட்டி, கயிறு கட்டியிருக்கிறார்கள். "பிள்ளை, வித்துப்போட்டீங்களோ? ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று கோபமாக ஒரு குரல் பதிவும்.

காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது காணியின் பதிவுப் பிரதி, எடுத்துப் பார்த்தோம். 2022 ஒக்டோபரில் பின்பக்கத்துப் பரப்புக்கு விற்பனை உறுதி எழுதி முடிந்திருந்தது. அம்மாவின் சார்பில் அற்றோணிக்காரர் கையெழுத்து. விலை என்று போட்டிருந்த தொகைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கக்கூஸ்கூடக் கட்ட முடியாது. அதிலும் ஒரு சதம் எங்களுக்கு வரவில்லை. வாங்கியவர் அதைவிடப் பல மடங்கு காசாகக் கொடுத்ததாகச் சொல்கிறார். அவர் சொல்வது உண்மை என்றுதான் எனக்கும் படுகிறது.

பொலிசுக்குப் போனால் "இது சிவில் பிரச்சினை, கோட்டுக்குப் போங்கோ" என்றார்கள். சட்டத்தரணி சொன்னது இன்னும் எரிச்சல். யாராவது அம்மாவின் கையெழுத்தைக் கள்ளமாக வைத்திருந்தால் வழக்குச் சுலபமாம். இங்கே அற்றோணியில் உள்ளது அம்மாவின் சொந்தக் கையெழுத்து. விற்கும் அதிகாரமும் எழுத்தில் இருக்கிறது. உறுதி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் முறைப்படி முடிந்திருக்கிறது. ஏமாற்றித்தான் வாங்கினார்கள் என்பதை இனி நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

வீடும் மிச்ச இரண்டு பரப்பும் தப்பியது மாமியின் படத்தால். அடுத்த கிழமையே வேறொரு நொத்தாரிசிடம் இரத்து உறுதி முடித்து, அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பத்திரிகையில் அறிவித்தல் போட்டோம். காணிப் பதிவகத்தில் கேவியற் போட்டோம். அந்தக் காணி தொடர்பாக ஏதும் எழுத்து பதிவுக்கு வந்தால் எங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பதற்காக. இப்படி ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

இப்போது வரி கட்ட, வழக்குப் பேச என்று எழுதிய விசேட அற்றோணி மட்டும் ஒன்றுவிட்ட அண்ணாவிடம் இருக்கிறது. தமிழில் எழுதி, காணியின் எல்லைகளைப் போட்டு, "விற்கவோ ஈடு வைக்கவோ அதிகாரம் இல்லை" என்று தனி வரியாக எழுதச் சொன்னேன். நொத்தாரிசு சிரித்தார், அது தேவையில்லை என்றார். எழுதுங்கள் என்றேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோம்பும் எடுக்கிறோம். முன்னறையில் குடியிருக்கும் குடும்பம் நல்ல ஆட்கள்தான். என்றாலும் எங்கள் அனுமதியோடு இருக்கிறோம் என்று எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். பத்து வருடம் எதிர் ஆட்சி, இவ்வளவு காலம் இருந்துவிட்டோம், இனிக் காணி எங்களுடையது என்று யாரும் கிளம்பக் கூடாது அல்லவா.

உங்கள் அம்மா அப்பாவும் ஊரை விட்டு வரும்போது எங்காவது கையெழுத்து வைத்திருப்பார்கள். இன்றைக்கே கேளுங்கள். பிரதி கையில் இல்லை என்றால் நாளைக்கே எடுங்கள்.

தவணை மூன்று தடவை தள்ளிப் போய்விட்டது. மதில் இப்போது ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது, முன்னறைக் குடும்பம் மாமி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறது. அம்மா வழக்கைப் பற்றிக் கேட்பதில்லை. போன கிழமை மாமியோடு வைபரில் பேசும்போது, அந்தக் கிணற்றை இந்த வருடம் இறைத்தார்களா என்று மட்டும் கேட்டார்.