சீல் உடையாத பெட்டி, ஓர் எழுத்தும் விளங்காத கேம்

திருகோணமலையில் பிளேஸ்டேஷன், சுவிட்ச் என்ற விளையாட்டுக் கொன்சோல்களுக்கு கேம் தேடுபவர்கள் பெரும்பாலும் ஃபேஸ்புக்கில் பார்த்து, வட்ஸ்அப்பில் விலை பேசி, கூரியரில்தான் எடுக்கிறார்கள். பெட்டியைப் புரட்டிப் பார்க்க முதலே காசு கைமாறிவிடுகிறது. ஏமாற்றுகிறவருக்கு அந்த இடைவெளி போதும்.

"ஒரிஜினலா?" என்று கேட்டால், "நூறு வீதம் ஒரிஜினல், சீல் கூட உடைக்கேல்ல" என்று பதில் வரும். அது பொய்யும் இல்லை. வருவது அசல் டிஸ்க்தான். போட்டால் மெனுவிலிருந்து கடைசிக் காட்சி வரை ஜப்பான் மொழி. முதலில் அனுப்பிய படமோ இணையத்தில் எடுத்த அமெரிக்க அட்டை. திருப்பிக் கேட்டால், "ஒரிஜினல் எண்டுதானே கேட்டனீங்கள்? சீல் உடைச்சதை எடுக்கேலாது" என்பார்கள்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எந்த நாட்டுப் பதிப்பு என்பது. அதற்கான விடை முன்னட்டையின் கீழ்மூலையில், வயது வரம்பு காட்டும் குறியில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் 'எம்' போன்ற ஆங்கில எழுத்து இருந்தால் அமெரிக்கப் பதிப்பு. 3, 7, 12, 16, 18 என்று இலக்கம் இருந்தால் பெகி, அதாவது ஐரோப்பா. ஜப்பான் எழுத்தோடு 'ஏ' முதல் 'டி' வரை ஒன்றோ, சிவப்பில் 'இசட்' என்றோ இருந்தால் செரோ, ஜப்பான் பதிப்பு. அட்டையில் அரபு எழுத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை, மத்திய கிழக்குப் பதிப்புகளில் பெரும்பாலும் ஆங்கிலமும் இருக்கும். ஹொங்கொங், சிங்கப்பூர்ப் பக்கத்துப் பதிப்புகளில்தான் கவனம் வேண்டும்: சிலவற்றில் ஆங்கிலம் உண்டு, சிலவற்றில் சீனம் மட்டும். படம் கேட்காதீர்கள், வீடியோ கேளுங்கள். உங்கள் பெயர் எழுதிய துண்டுக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வீடியோவில் தெரிய வேண்டும். இதற்கு இழுத்தடிப்பவரிடம் சாமான் கையில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஜப்பான் குரலும் ஆங்கில எழுத்தும் சேர்ந்து வேண்டும் என்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். "ஜப்பான் வொய்ஸ் வேணுமெண்டா ஜப்பான் டிஸ்க்தான்" என்று தலையில் கட்டிவிடுவார்கள். பெர்சோனா 5 விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் டிஸ்க்கில் ஆங்கில எழுத்து கிடையாது. 2017இல் வந்த ஆங்கிலப் பதிப்புக்கு ஜப்பான் குரலை இலவச டிஎல்சியாக, அதாவது இணையத்தில் தனியாக இறக்கும் இணைப்பாகக் கொடுத்தார்கள். கேட்டது அந்தப் பதிப்பில்தான் இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு பொறி: பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டும் எந்த நாட்டு டிஸ்க்கையும் ஓட்டும், டிஎல்சி மட்டும் டிஸ்க்கின் ரீஜனோடு, அதாவது அது எந்தப் பகுதிக்கென்று வந்ததோ அதோடு, பொருந்த வேண்டும். அமெரிக்க டிஸ்க்கை வைத்துக்கொண்டு பிரித்தானியக் கணக்கில் டிஎல்சி இறக்கினால் கேம் அதைக் கண்டுகொள்ளாது.

கணக்குத் திறக்கும் பிளேஸ்டேஷன் நெட்வேர்க் இணையச் சேவையின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் எல்லோரும் வேறொரு நாட்டின் பெயரில்தான் கணக்குத் திறக்கிறோம். திறந்த பின் நாட்டை மாற்ற முடியாது. எந்த நாட்டு டிஸ்க் உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிறதோ அந்த நாட்டிலேயே திறவுங்கள். கிஃப்ட் கார்டும் அப்படியே, அமெரிக்க டொலர் கோட் அமெரிக்கக் கணக்கில் மட்டும் ஏறும். சுரண்டிப் பார்த்த கோட் இலக்கத்தை யாரும் திருப்பி எடுப்பதில்லை.

சுவிட்ச் 2 வாங்குபவர்கள் இன்னும் கவனம். 2025 ஜூனில் ஜப்பானில் அது இரண்டு வகையாக வந்தது: ஜப்பான் மொழி மட்டும் உள்ளது 49,980 யென், பல மொழி உள்ளது 69,980 யென். விலை குறைந்ததைக் கொண்டுவந்து கூடியதன் விலைக்கு விற்றால் இருபதாயிரம் யென் சும்மா கிடைக்கும். விலை குறைந்த அந்த வகைக் கொன்சோலில் செட்டிங்ஸை ஆங்கிலத்துக்கு மாற்ற வழியே இல்லை. ஜப்பான் நாட்டுக் கணக்கு மட்டும்தான் ஏறும். சுவிட்ச் கேம் விற்கும் அந்நாட்டு இணையக் கடையான ஈஷொப் 2025 மார்ச் 25 முதல் வெளிநாட்டு அட்டைகளை ஏற்பதில்லை, ஆகவே நம் வங்கி அட்டையாலும் பயன் இல்லை. காசு கொடுக்க முதல் கொன்சோலை இயக்கி, மொழிப் பட்டியலில் ஆங்கிலம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பெட்டியின் மேல் ஒட்டிய ஆங்கில ஸ்டிக்கர் எதற்கும் அத்தாட்சி அல்ல.

அடுத்தது 'பிரைமரி கணக்கு' வியாபாரம். அரை விலை என்று சொல்லி ஒரு மின்னஞ்சல், கடவுச்சொல், ஒரு பேக்கப் கோட் தருவார்கள். அந்தக் கணக்கில் நுழைந்து, பிளேஸ்டேஷன் 5இல் 'கொன்சோல் ஷெயரிங்' என்பதை இயக்கி, உங்கள் சொந்தக் கணக்கில் விளையாடலாம். ஒரு கணக்கை ஒரே நேரத்தில் ஒரு பிளேஸ்டேஷன் 5இல்தான் இப்படி இயக்க முடியும். விற்றவர் எல்லாக் கருவிகளையும் நீக்கிவிட்டு அதே கணக்கை இன்னொருவருக்குக் கொடுத்தால், உங்கள் திரையில் கேம் படத்தின் மேல் பூட்டு விழும். கணக்கு விற்பதே பிளேஸ்டேஷனை நடத்தும் சோனியின் விதிக்கு மாறானது, அங்கே முறையிடவும் முடியாது. இதை நாங்கள் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, எவ்வளவு மலிவு என்றாலும்.

கணினியில் விளையாடுபவர்களுக்குத் தொல்லை குறைவு. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் இலங்கைக்கு தெற்காசிய டொலர் விலை உண்டு, கேம் பக்கத்தில் திரை, குரல், எழுத்து என்று மொழிவாரியாக அட்டவணையும் இருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பும். ஸ்டீமுக்கு வெளியில் வாங்கிய கோட் இலக்கத்துக்கு அது பொருந்தாது. ரஷ்யாவில் மட்டும் ஏறும்படி பூட்டிய கோட் இலக்கங்களும் அங்கேதான் உலவுகின்றன.

ஏற்கனவே பார்சல் வந்துவிட்டதா? சீலில் கை வைக்க முதல் கூரியர் லேபலும் அட்டையின் கீழ்மூலையும் தெரியும்படி வீடியோ எடுத்து, விற்றவருக்கு அன்றைக்கே அனுப்புங்கள். வட்ஸ்அப் உரையாடலை ஸ்கிறீன்ஷொட் எடுத்து வையுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள். பேசியது ஆங்கிலப் பதிப்பு என்று எழுத்தில் இருந்தால், காசு கட்டிய சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, 1977க்கு, அழைத்து முறையிடலாம்.